அவர் நடப்பார், நான் குதிப்பேன்

எனக்கு வீடியோ கேம் பிடிக்காது. இன்றைக்கும் பிடிக்காது. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் யாராவது போனில் டமால் டுமீல் என்று ஆடிக்கொண்டிருந்தால் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விடுவேன். அப்படிப்பட்ட நான், வாரத்தில் மூன்று நாள், சிதம்பரத்தில் ஒரு டயாலிசிஸ் கட்டிலுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கண்ணாடித் தொப்பி மாட்டிய ஒரு குள்ளனை உருண்டை உருண்டையான கிரகங்களின் மேல் குதிக்க வைத்துக்கொண்டிருந்தேன். கட்டிலில் படுத்திருந்தவர் என் வீட்டுக்காரர். இரண்டு வருஷம் இது நடந்தது.

அவர் சவூதியில் ஏசி மெக்கானிக். கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் நேரில் பேசியதைவிட போனில் பேசியதுதான் ஜாஸ்தி. பிள்ளையும் இல்லை. கடைசியாக ஊருக்கு வந்தபோது அவருக்கு இரண்டு கிட்னியும் போயிருந்தன. அந்த வெயிலில் மொட்டை மாடி மொட்டை மாடியாக ஏறி வேலை பார்த்தவர், தண்ணீர் குடிக்க மறந்தாராம், பிரஷர் மாத்திரை போட மறந்தாராம். "ஒனக்குப் போன் பண்ண மட்டும் மறக்கல பாத்தியா" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. என் கிட்னியில் ஒன்றைத் தருகிறேன் என்றேன். எனக்கு இருந்த சர்க்கரை வியாதி அதற்கும் வழிவிடவில்லை.

சவூதியை விட்டுக் கிளம்பும்போது அவர் ரூமில் இருந்தவர்கள் சேர்ந்து ஒரு கேம் மெஷின் வாங்கிக் கொடுத்திருந்தார்கள். கையில் பிடிக்கிற அளவு, நடுவில் திரை, இரண்டு பக்கமும் கழற்றி எடுக்கிற மாதிரி இரண்டு கைப்பிடி. கடலூர் முதுநகரில் எங்கள் வீட்டில் பெட்டியைத் திறந்ததும் என் மாமியார் சென்ட் பாட்டில் தேடினார். இதை எடுத்துப் பார்த்துவிட்டு, "புள்ளயில்லாத வீட்டுக்கு வெளையாட்டுச் சாமானா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். மாமி மனசில் நினைப்பதற்கும் வாயில் வருவதற்கும் நடுவில் தடுப்பு எதுவும் கிடையாது. நானும் கிட்டத்தட்ட அந்த ரகம்தான், அதனால் எங்களுக்குள் ஒத்துப்போனது.

கடலூரில் அப்போது மெஷின் காலி இல்லை. சிதம்பரத்தில் இடம் கிடைத்தது. காலையில் பஸ் ஏறுவோம். ஊசி போட்ட கையை நாலு மணி நேரம் அசைக்கக் கூடாது. முதல் வாரம் அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். இரண்டாவது வாரம் கேம் மெஷினைக் கொண்டு வந்து இரண்டு கையாலும் பிடித்து ஆடப் பார்த்தார். டயாலிசிஸ் மெஷின் கூப்பாடு போட்டது. சிஸ்டர் ஓடி வந்து, "சார், அந்தக் கைய ஆட்டுனீங்கன்னா ஊசி பிச்சுக்கும்" என்று சத்தம் போட்டார். அவர் முகம் சின்னப் பிள்ளை முகம் போலச் சுருங்கிப்போனது. எனக்குப் பொறுக்கவில்லை. "குடுங்க மச்சான், ஒரு பக்கத்த நான் புடிக்கிறேன்" என்றேன். எங்கள் பக்கம் வீட்டுக்காரரை மச்சான் என்றுதான் கூப்பிடுவோம்.

இப்படித்தான் ஆரம்பித்தது. ஒரு கைப்பிடியில் இருக்கும் குமிழைத் தள்ளினால் குள்ளன் நடப்பான். அதை அவர் ஊசியில்லாத கையில் வைத்துக்கொண்டார். இன்னொரு கைப்பிடியில் இருக்கும் பட்டனை அழுத்தினால் குள்ளன் குதிப்பான். அது என் கையில். அவர் நடப்பார், "குதி" என்பார், நான் குதிக்க வேண்டும். அவர் சொன்னது என் காதில் விழுந்து, அது விரலுக்குப் போய்ச் சேர்வதற்குள் குள்ளன் இருட்டில் விழுந்துவிடுவான்.

"குதின்னா உடனே குதி புள்ள."

"நீங்க பள்ளத்துக்குப் பக்கத்துல போயி சொன்னா? முன்னாடியே சொல்லணும்ல?"

"முன்னாடி சொன்னா முன்னாடியே குதிச்சிடுறியே."

பக்கத்துக் கட்டில்காரர் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொள்வார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நாங்கள் நேருக்கு நேர் உட்கார்ந்து சண்டை போட்டது அப்போதுதான். போனில் போட்ட சண்டையெல்லாம் கார்டில் காசு தீர்ந்ததும் பாதியில் நின்றுபோனவை.

அந்த விளையாட்டில் முதலில் ஒரு வரைபடம் வரும். முழுக்கக் கறுப்பு, அதில் ரவை சிந்தினாற்போல அங்கங்கே வெளிச்சம். ஒவ்வொரு வெளிச்சமும் ஒரு கேலக்ஸி. ஒன்றுக்குள் போய்ச் சுற்றி, மறைந்திருக்கிற வாசலைக் கண்டுபிடித்தால் அடுத்தது திறக்கும். எனக்கு அந்த இங்கிலீஷ் பெயர்கள் வாயில் நுழையவில்லை. நாங்கள் போகிற பஸ் நிற்கும் இடங்களின் பெயர்களையே வைத்துவிட்டேன். முதலாவது ஆலப்பாக்கம். காற்று அடித்துக்கொண்டே இருக்கும் அடுத்தது புதுச்சத்திரம். சேற்றுக்குள்ளிருந்து வேர் வேராக எழுந்து நிற்கும் ஒன்று வந்தது, அது பஸ் பாதையிலேயே இல்லாவிட்டாலும் பிச்சாவரம் என்றேன். அவரும் அப்படியே சொல்லப் பழகினார். மாமி போன் செய்து கேட்டால்கூட, "இன்னிக்கு எந்த ஊருல இருக்கீங்க?" என்றுதான் கேட்பார்.

அங்கே கிரகங்கள் சின்னச் சின்ன உருண்டைகள். குள்ளன் ஓடி ஓடி அடிப்பக்கம் போய்விடுவான், தலைகீழாக நிற்பான், விழமாட்டான். எனக்குத் தலை சுற்றும். "எந்த உருண்டையில நிக்கிறோமோ அதான் புள்ள தரை. அது நம்மளப் புடிச்சுக்கும்" என்பார். தவறான இடத்தில் குதித்தால் மட்டும் எதுவும் பிடித்துக்கொள்ளாது.

எல்லாமே தண்ணீரால் ஆன ஒரு கேலக்ஸி வந்தது. கிரகமே ஒரு நீர் உருண்டை. அவருக்கு ஒரு நாளைக்கு இரண்டு டம்ளருக்கு மேல் தண்ணீர் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நாக்கு வறண்டு, ஐஸ் கட்டியைச் சப்பிக்கொண்டு கிடந்த மனுஷன் அந்தத் தண்ணீருக்குள் முங்கி முங்கி எழுந்தார். வாசலைக் கண்டுபிடித்துவிட்டோம், அப்படியும் வெளியே வரவில்லை. பல வாரம் அங்கேயே கிடந்தோம். நீந்துவதற்குக் குதிக்க வேண்டியதில்லை, அதனால் எனக்கு வேலையும் இல்லை. அவர் திரையைப் பார்ப்பார், நான் அவர் உதட்டில் இருக்கும் வெடிப்பைப் பார்ப்பேன். அழுகையாக வரும். அழுதால் சிஸ்டர் வெளியே போகச் சொல்லிவிடுவார் என்று அடக்கிக்கொள்வேன்.

எங்கள் பேச்சில் சாவுக்கு மவுத்து என்று சொல்வோம். குள்ளன் விழுந்து திரை கறுப்பானால் அவர் வாயில் அந்தச் சொல்தான் வரும். "மவுத்து" என்பார், ஏதோ பஸ் போய்விட்டது என்பதுபோல. அதுவும் எந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டு! முதல் தடவை கேட்டபோது வாயைக் கழுவுங்கள் என்று கத்தினேன். "இந்த மவுத்து நல்ல மவுத்து புள்ள, திரும்ப மொதல்லேந்து ஆரம்பிக்கலாம்" என்றார். சொல்லிச் சொல்லி எனக்கும் அது தொற்றிக்கொண்டது. கொஞ்ச நாளில் அவரைவிட நான்தான் அதிகம் சொன்னேன்.

மாமி தினமும் மதியம் போன் செய்வார். ஒரு நாள் டயாலிசிஸ் முடியப்போகிற நேரம். அவர் கஷ்டப்பட்டு ஒரு கேலக்ஸியின் கடைசி உருண்டை வரை நடந்து வந்துவிட்டார், நான் தாமதமாகக் குதித்துக் கெடுத்துவிட்டேன். அவர் என்னை முறைக்கிறார். அந்த நேரம் பார்த்து மாமி. போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டேன்.

"அவன் என்னா பண்றான்?"

"அவரா? இப்பதான் மவுத்தாயிட்டாரு மாமி."

"மறுபடியும் மொதல்லேந்து ஆரம்பிக்கணும்" என்று நான் சொன்னது போனுக்குள் போகவில்லை. சார்ஜ் இறங்கி அது அணைந்திருந்தது. நான் அதைப் பையில் போட்டேன். அவருடைய போன் அந்த அறைக்கு வெளியே, அலமாரியில், சத்தம் இல்லாமல் வைத்தபடி இருந்தது. அன்றைக்கு அதை எடுத்துப் பார்க்கவும் தோன்றவில்லை. எடை பார்த்தோம், கட்டுப் போட்டோம், பஸ் ஏறினோம். அவர் ஜன்னல் பக்கம் தூங்கிவிட்டார். அவர் மய்யித்தை, அதாவது பிணத்தை, எடுத்துவர வீட்டிலிருந்து இரண்டு பேர் காரில் கிளம்பி, எங்கள் பஸ்ஸுக்கு எதிரிலேயே போயிருக்கிறார்கள்.

தெருமுனையில் திரும்பியதும் நாற்காலிகள் தெரிந்தன. சாமியானாவுக்குக் கம்பு நட்டுக்கொண்டிருந்தார்கள். பள்ளிவாசல் மைக்கில் சொல்லி முடித்தாகிவிட்டது. குறிஞ்சிப்பாடி சொந்தக்காரர்கள் வேனில் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். உள்ளே குளிப்பாட்டுவதற்குத் தண்ணீர் காய்ந்துகொண்டிருந்தது. எனக்கு முதலில் தோன்றியது, மாமி போய்விட்டார் என்பதுதான். மச்சானுக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கிறது. "உம்மா" என்று கத்திக்கொண்டு கூட்டத்துக்குள் ஓடினார். அவரைக் கண்டதும் பெண்கள் போட்ட கூச்சல் இருக்கிறதே, அதை எழுத்தில் கொண்டுவர முடியாது.

மாமி எழுந்து வந்தார். மகன் முகத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு கன்னத்தில் பளார் என்று ஒன்று வைத்தார். மச்சானுக்கு நாற்பத்தெட்டு வயது. அடி வாங்கிக்கொண்டு சும்மா நின்றார். என்னை மாமி அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. "அந்த வார்த்த இனிமே இந்த வூட்ல யார் வாயிலயும் வரக்கூடாது. வெளையாட்டுல வுழுந்தா வுழுந்துட்டான்னு சொல்லு" என்றார், அவ்வளவுதான். எல்லோரும் அழுதார்கள், சிரித்தார்கள், என்னைக் கரித்துக் கொட்டினார்கள். சாவுக்கென்று போட்ட டீயை யாரோ அவரிடமே நீட்ட, அவர் டாக்டரை மறந்துவிட்டு முழு டம்ளரும் குடித்தார்.

மறுநாள் காலையில் அவர் படுக்கையிலேயே உட்கார்ந்திருந்தார். டயாலிசிஸுக்கு அடுத்த நாள் அது. பஸ் ஏற வேண்டியதில்லை.

"ஒண்ணு கவனிச்சியா? எப்பிடின்னு யாரும் கேக்கல."

"எது?"

"எப்பிடிச் செத்தான்னு. நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்தான், எப்பிடின்னு கேப்பாங்கல்ல? ஒருத்தரும் கேக்கல. நாக்காலி வந்துருச்சு, பந்தக்காரன் வந்துட்டான். எல்லாரும் ரெடியா இருந்திருக்காங்க புள்ள."

அவர் சொன்னது உண்மை.

"ஒனக்கும் கஷ்டம், எனக்கும் கஷ்டம். நான் அங்க போறத நிறுத்திடுறேன்."

நிறுத்தினால் எத்தனை நாள் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். கையில் இருந்த துவைத்த துணியையெல்லாம் தரையில் எறிந்தேன். "எல்லாரும் ரெடியா இருக்கட்டும். ஒங்க உம்மாவும் ரெடியா இருக்கட்டும். நான் ரெடியா இல்ல மச்சான். பாதி வாழ்க்கைய போன்ல முடிச்சுட்டு, இப்பதான் பக்கத்துல வந்து உக்காந்திருக்கீங்க. எந்திரிச்சுப் போயிருவீங்களா?" என்று கத்தினேன். மாமிக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதான் கத்தினேன்.

அவர் தரையில் கிடந்த துணியையெல்லாம் பொறுக்கி வைத்துவிட்டு, "கேம்ல கடைசி ஊரு ஒண்ணு இருக்குல்ல, மேப்பு ஓரத்துல வெளிச்சமே இல்லாம. அது முடியிற வரைக்கும் வர்றேன். அப்புறம் என்னைக் கேக்கக் கூடாது" என்றார். சரி என்றேன். அன்றைக்கு வேறு எதைச் சொல்லியிருந்தாலும் சரி என்றிருப்பேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு கேலக்ஸி திறக்கும்போதும் இன்னும் எத்தனை மிச்சம் என்று எண்ணினேன். வேண்டுமென்றே நான் தவறாகக் குதிக்கவில்லை. குதித்தால் அடுத்த நொடி கண்டுபிடித்துவிடுவார், அதோடு கோபித்துக்கொண்டு நிறுத்தியும் விடுவார். எனக்கு இயல்பாகவே வராது, அதை நம்பித்தான் இருந்தேன். என் கையாலாகாத்தனம் அவரை இன்னும் பல மாதம் பஸ் ஏற்றிக் கூட்டிப்போகும் என்று கணக்குப் போட்டேன். ஆனால் விரல் என் பேச்சைக் கேட்கவில்லை. தினமும் செய்கிற வேலை கைக்கு வந்துவிடுகிறதே. அவர் மூச்சை இழுப்பதை வைத்தே இப்போது குதிக்கச் சொல்லப்போகிறார் என்று தெரிந்தது. அவர் வாய் திறக்கும் முன்பே குள்ளன் மேலே போய்விடுவான். "அடி சக்க" என்பார். எனக்குப் பகீரென்றிருக்கும்.

கடைசி ஊர் திறந்தது. அங்கே எதுவுமே தெரியாது. கால் பட்டால்தான் உருண்டைக்கு வெளிச்சம் வரும். அடுத்தது எங்கே இருக்கிறது என்று பார்க்காமலே குதிக்க வேண்டும். நாங்கள் அங்கே நிறைய விழுந்தோம். ஆனாலும் கொஞ்சம் கொஞ்சமாக முன்னேறி, ஒரு நாள் தூரத்தில் ஒரு வாசல் தெரிந்தது. மஞ்சளாக, யாரோ விளக்கை அணைக்க மறந்துபோன வீடு போல. அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன்.

குள்ளன் வாசல் வரைக்கும் போனான். போய் நின்றான். பிறகு திரும்பி, வந்த வழியே நடந்தான்.

"ஏன் மச்சான்?"

"இந்தப் பக்கம் ஒரு உருண்ட பாக்காம வுட்டுட்டோம்."

அடுத்த தடவையும் அப்படியே செய்தார். ஒரே உருண்டையைச் சுற்றிச் சுற்றி வந்தார். அதற்கடுத்த தடவை மேலே ஏதோ மினுங்குகிறது என்று என்னைக் குதிக்கச் சொன்னார், அங்கே ஒன்றும் இல்லை. எனக்கு அப்போதுதான் புரிந்தது. திரையை விட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல், "என்னா?" என்றார். "ஒண்ணுமில்ல" என்றேன். கடலூர் வரும்வரை பஸ்ஸில் அவர் தோளில் சாய்ந்துகொண்டு வந்தேன். பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்களோ என்ற வெட்கமெல்லாம் போய்விட்டது. அந்த மாதங்கள்தான் என் கல்யாண வாழ்க்கை என்று யாரிடம் வேண்டுமானாலும் சொல்வேன்.

அவர் நிறுத்தவில்லை. அதை நான் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அவராகவே விட்டுவிட்டார் என்று சொந்தத்தில் சிலர் இப்போதும் பேசுகிறார்கள். பெருநாள் முடிந்த வாரம், எப்போதும்போல முதல் பஸ்ஸில் போனோம். ஊசி போட்டார்கள். குள்ளன் இருட்டில் ஒரு சின்ன உருண்டையின் மேல் நடந்துகொண்டிருந்தான். நின்றான். அவர் அடுத்து எங்கே போவது என்று யோசிக்கிறார் என்று நினைத்தேன். சொல்லட்டும் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. சரி என்று நானே பட்டனை அழுத்தினேன். குள்ளன் நின்ற இடத்திலேயே குதித்தான். மறுபடியும் அழுத்தினேன். மறுபடியும் நின்ற இடத்திலேயே குதித்தான். அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன்.

சிஸ்டர்கள் ஓடி வந்தார்கள், டாக்டர் வந்தார். நெஞ்சை அமுக்கினார்கள், ஊசி போட்டார்கள். என்னைத் திரைச்சீலைக்கு வெளியே நிற்க வைத்தார்கள். கிட்னி போனவர்களுக்கு இதயம் இப்படித் திடீரென்று நின்றுவிடும் என்று டாக்டர் என்னிடம் நின்று பொறுமையாகத்தான் சொன்னார். நான் தலையாட்டினேன். பிறகு உள்ளே போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் கையிலிருந்த கைப்பிடியை யாரோ எடுத்துத் தலையணை மேல் வைத்திருந்தார்கள்.

போன் அடித்தது. மாமிக்கு மதியம் ஆகிவிட்டது.

"எந்த ஊருல இருக்கீங்க?"

"மாமி. மச்சான் மவுத்தாயிட்டாரு."

"ஒனக்கு ஒரு தடவ சொன்னா ஒறைக்காதா? அந்த வார்த்தயச் சொல்லாதன்னு சொன்னேனா இல்லியா?" என்றார்.

"மாமி, நெசமா மாமி."

"அன்னிக்கும் இப்பிடித்தான் சொன்ன. தெருவே சிரிச்சுச்சு. நான் நம்ப மாட்டேன் போ. போன அவன்ட்ட குடு."

சொல்வதற்கு எனக்கு வேறு வார்த்தை இல்லை. இருந்த ஒரே வார்த்தையை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து தேய்த்து வைத்திருந்தோம்.

"குடுங்கிறேன்ல? அவன்ட்ட குடு."

போனை அவர் காதில் வைத்தேன். மாமி அவரைத் திட்ட ஆரம்பித்தார். பொண்டாட்டியை இப்படியா பேச விடுவாய், உம்மாவை இப்படியா பதற வைப்பாய், வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசேன்டா என்று திட்டினார். பேசு, பேசு என்று கத்தினார். நான் போனை எடுக்கவில்லை.